பீரியட்ஸுக்கு முன்னாடி மார்பு வலி, ப்ரா, வேர்வை அரிப்பு: எதுக்கு பயப்படணும், எதுக்கு வேண்டாம்

34 வயசு, மும்பைக்கு வெளிய டோம்பிவ்லில இருந்து தினமும் மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரைக்கும் ட்ரெயின், பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ரெண்டு மார்பும் கனத்துப்போய் வலிக்குது, இடது பக்கம் கொஞ்சம் கூடுதல், தோள்ல ஸ்ட்ராப் தடம், மாருக்கு அடியில வேர்த்து அரிப்பு, நெட்ல தேடினா எல்லாமே கேன்சர்ல போய் முடியுது, வீட்ல மாமியார்கிட்ட சொல்லவும் கூச்சமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நான் பரேல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில மார்பக ஓபிடில, அதாவது வெளிநோயாளி பிரிவுல, நர்ஸா இருந்தவ. மாட்டுங்கா, தாராவி, செம்பூர், ஆண்டாப் ஹில்னு எல்லா இடத்துல இருந்தும் நம்ம பொண்ணுங்க இதே பயத்தோட வந்து உக்காந்திருக்கிறதை பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்கம்மா.

முதல்ல பயத்தை இறக்கி வைங்க. கட்டி கிட்டி எதுவும் இல்லாம வெறும் வலி மட்டும் இருந்தா, அதுவும் ரெண்டு பக்கமும், அதுவும் மாசாமாசம் பீரியட்ஸை ஒட்டியே வந்து போகுதுன்னா, அது கேன்சரா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா நான் பாத்த வரைக்கும் நம்மகிட்ட பழக்கம் நேர் தலைகீழா இருக்கு. வலிச்சா அழுதுட்டு ஓடி வருவாங்க, வலிக்காத கட்டின்னா "அது பாட்டுக்கு இருக்கு, வலிக்கல, தொந்தரவு இல்ல"ன்னு மாசக்கணக்கா சும்மா விட்டுடுவாங்க. மார்புல வர்ற கெட்ட கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. அதனால வலிக்கு நிதானமா வைத்தியம் பாக்கலாம், வலி இல்லாத புது மாற்றத்துக்குத்தான் உடனே கிளம்பணும். இந்த ஒண்ணு மனசுல நின்னா போதும், மத்த எல்லாம் இதை ஒட்டித்தான்.

இந்த மாசாந்திர வலி ஏன் வருதுன்னா, பீரியட்ஸ் சுழற்சியோட பின்பாதியில ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் ஏறி இறங்கும்போது பால் சுரப்பியும் குழாயும் கொஞ்சம் வீங்கும், நீர் கோத்துக்கும், அதான் கனம். சுரப்பி அதிகமா இருக்கறது மார்போட மேல் வெளிப்பக்கம், அக்குளை ஒட்டி, அதனால வலியும் அங்கதான் ஜாஸ்தி, சிலருக்கு கை வரைக்கும் இழுக்கும். தொட்டா முடிச்சு முடிச்சா இருக்கற மாதிரி தெரியும். பீரியட்ஸ் ஆரம்பிச்சதும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா இறங்கிடும். ஒரு பக்கம் கூடுதலா வலிக்கறதும் சகஜம்தான், ஏன்னா ரெண்டு மார்பும் யாருக்குமே அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது, அளவுலயும் சரி, எடையிலயும் சரி. 30ல இருந்து 50 வரைக்கும் இது எப்ப வேணா வரலாம், பீரியட்ஸ் நிக்கறதுக்கு முன்னாடி ஹார்மோன் தாறுமாறா ஆடுற வருஷங்கள்ல இன்னும் ஜாஸ்தியா இருக்கும். கர்ப்பத்தடை மாத்திரை புதுசா ஆரம்பிச்சிருந்தா, குழந்தைக்காக ஹார்மோன் ஊசி போட்டுட்டு இருந்தா, சில டிப்ரஷன் மாத்திரை எடுத்தா கூட இப்படி வரும். நாள் தள்ளிப்போயிருந்தா முதல்ல பிரக்னன்சி டெஸ்ட் ஒண்ணு பண்ணிப் பாருங்க, ஆரம்ப அறிகுறியே சில பேருக்கு மார்பு வலிதான்.

உங்களுக்கு நான் சொல்ற முதல் வேலை ஒரு காலண்டர். போன்ல இல்ல சுவத்துல மாட்டின தினசரி காலண்டர்ல, வலிச்ச நாளுக்கு ஒரு புள்ளி, ரொம்ப வலிச்சா ரெண்டு, பீரியட்ஸ் வந்த நாளுக்கு ஒரு வட்டம். ரெண்டு மூணு மாசம் போட்டா போதும். புள்ளி எல்லாம் வட்டத்துக்கு முன்னாடியே கூட்டமா நின்னா ஹார்மோன் வலி. அப்படி இல்லாம மாசம் முழுக்க சிதறி இருந்தா, எப்பவும் ஒரே இடத்துல ஒரே பக்கம் குத்துனா, வேற எங்கயோ இருந்து வருதுன்னு அர்த்தம், டாக்டர் பாக்கணும்.

அந்த வேற எங்கயோங்கறது நிறைய பேருக்கு மார்பே இல்லம்மா, பின்னாடி இருக்கற விலா எலும்பும் தசையும்தான். ஒருக்களிச்சுப் படுங்க, மார்பு ஒரு பக்கமா சரிஞ்சதும் விலா எலும்பு மேல, நடு நெஞ்செலும்பு ஓரமா விரலால அழுத்துங்க. "ஆ, இதே வலிதான்"னு இருந்தா விலாவும் நெஞ்செலும்பும் சேர்ற குருத்தெலும்புல அழற்சி, இல்ல தசைப்பிடிப்பு. ட்ரெயின்ல லேடீஸ் பெட்டில ஒரு கையால மேல கைப்பிடியை பிடிச்சுட்டு ஒரு மணி நேரம் தொங்கறோம், இன்னொரு தோள்ல லேப்டாப், டிபன், தண்ணி பாட்டில்னு கனமான பை, அந்தப் பையோட வார் நேரா மார்பு மேல குறுக்க அழுத்திட்டு இருக்கும். தசை வலிக்காம என்ன செய்யும். முதுகுல ரெண்டு தோள்லயும் மாட்டற பைக்கு மாறினதுமே வலி குறைஞ்சவங்க உண்டு. கூட்டத்துல மாட்டும்போது பையை முன்னாடி போட்டுக்கறீங்கன்னாலும் வயித்துக்கு நேரா இறக்கிப் போடுங்க.

இடது பக்கம் வலின்னு சொன்னதால ஒண்ணு சொல்லியே ஆகணும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அழுத்தற மாதிரி, மூச்சு வாங்கற மாதிரி, குப்புன்னு வேர்த்து தாடைக்கும் கைக்கும் பரவற மாதிரி வலின்னா அது மார்பக விஷயம் இல்ல, அன்னிக்கே அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

வலிக்கு என்ன செய்யறதுன்னா, மருந்துக்கு முன்னாடி ப்ரா. 2000ல வந்த ஒரு ஆய்வுல மார்பு வலி இருந்த பொண்ணுங்கள்ல ஒரு பாதி பேருக்கு டேனசால்ங்கற ஹார்மோன் மாத்திரையும், மறு பாதிக்கு ஸ்போர்ட்ஸ் ப்ராவும் குடுத்துப் பாத்தாங்க, மாத்திரைல 58 சதவீதம் பேருக்கு குறைஞ்சது, ப்ராவுல 85 சதவீதம் பேருக்கு. ஆனாலும் ப்ரா விஷயத்துல நாம காட்டற அலட்சியம் மாதிரி வேற எதுலயும் இல்ல. தெருவோரக் கடைல ஆம்பள நிக்கறான்னு கூசிட்டு "36 குடுங்க"ன்னு வாங்கி பைக்குள்ள திணிச்சிட்டு வந்துடறோம், கல்யாணத்தப்போ என்ன சைஸோ அதேதான், ரெண்டு பிள்ளை பெத்து உடம்பு மாறினதுக்கு அப்புறமும்.

வீட்லயே அளக்கலாம். டெய்லர் டேப் எடுத்து மாருக்கு நேர் கீழே, மூச்சை வெளிய விட்டுட்டு, இறுக்கமா சுத்தி அளங்க. அதான் பேண்ட் அளவு, அதாவது ப்ராவோட அடிப்பட்டை அளவு, 33 வந்தா பக்கத்துல இருக்கற 34. அப்புறம் கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு, மார்போட எடுப்பான இடத்துல இறுக்காம அளங்க. ரெண்டாவது அளவுல பேண்ட் அளவை கழிச்சா ஒரு இஞ்ச்னா ஏ கப், ரெண்டுன்னா பி, மூணுன்னா சி, நாலுன்னா டி. பல கடைல இன்னும் மாருக்குக் கீழ எடுத்த அளவோட நாலோ அஞ்சோ இஞ்ச் கூட்டி சொல்ற பழைய கணக்கு இருக்கு, அதுல பேண்ட் பெருசாவும் கப் சின்னதாவும் அமைஞ்சிடும். தோள்ல தடம் விழறதுக்கு மூல காரணமே அதுதான். பாரத்தை தாங்கவேண்டியது கீழ இருக்கற பேண்ட், தோள் ஸ்ட்ராப் இல்ல. பேண்ட் லூஸா இருந்தா முதுகுல மேல ஏறிக்கும், நாம ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்து டைட் பண்ணுவோம், கடைசில முழு எடையும் தோள்லயும் கழுத்துலயும் தொங்கும். 36பி போடறவங்க 34சி போட்டுப் பாருங்க, கப்போட கொள்ளளவு அதேதான், பிடிமானம் கூடும்.

போட்டுப் பாக்கும்போது கண்ணாடில பக்கவாட்டுல திரும்புங்க, பேண்ட் முன்னாடியும் பின்னாடியும் ஒரே மட்டத்துல நிக்கணும், உள்ள ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல வேண்டாம். ரெண்டு கப்புக்கும் நடுவுல இருக்கற துண்டு நெஞ்செலும்போட ஒட்டணும், சதை மேலயும் அக்குள் பக்கமும் பிதுங்கக்கூடாது. புதுசு வாங்கும்போது கடைசி கொக்கில, அதாவது லூஸான கொக்கில சரியா இருக்கறதை எடுங்க, போகப்போக எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிக்கு மாறலாம். வலிக்கிற வாரத்துக்குன்னு கம்பி இல்லாத, கப் கொஞ்சம் பெருசா ஒண்ணு தனியா வச்சுக்கங்க. ராத்திரி புரண்டா வலிக்குதுன்னா மெத்துனு ஒண்ணு போட்டுட்டு தூங்கலாம், தப்பே இல்ல, வேண்டாம்னா கழட்டிடலாம், அதுவும் தப்பில்ல. கருப்பு ப்ரா, கம்பி ப்ரா, ராத்திரி ப்ரா எதுனாலயும் கேன்சர் வராது. 2014ல அமெரிக்காவுல சியாட்டில்ல இதையே ஆராய்ஞ்சாங்க, எத்தனை வயசுல போட ஆரம்பிச்சாங்க, தினம் எத்தனை மணி நேரம், கம்பி இருக்கா இல்லயான்னு எல்லாம் கேட்டுப் பாத்து எந்த சம்பந்தமும் இல்லன்னு வந்தது.

மருந்துன்னு பாத்தா, வலிக்கற இடத்துல டைக்ளோஃபினாக் ஜெல் தடவறது நல்லா கேக்கும், பாராசிட்டமாலும் எடுக்கலாம். கர்ப்பமா இருந்தா, பால் குடுத்தா, ஆஸ்துமாவோ அல்சரோ இருந்தா ஜெல்லுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. ஈவ்னிங் பிரிம்ரோஸ் ஆயில் கேப்ஸ்யூல் இன்னும் நிறைய பேர் எழுதறாங்க, சோதனைகள்ல அது சும்மா டம்மி மாத்திரையை விட பெருசா ஒண்ணும் பண்ணல, இங்கிலாந்துல 2002லயே மார்பு வலிக்கான மருந்துங்கற அனுமதியை எடுத்துட்டாங்க. காசு வீண்ங்கறது என் கருத்து. காபியை குறைச்சா குறையும்னு சிலர் சொல்வாங்க, உறுதியான ஆதாரம் இல்ல, குறைச்சுப் பாத்து உங்களுக்கு பிடிபட்டா தொடருங்க, இல்லன்னா ஃபில்டர் காபியை நிம்மதியா குடிங்க.

இப்ப அரிப்பு. மும்பைல மே மாசப் புழுக்கம் முடிஞ்சு ஜூன் மழை ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் தோல் காயவே காயாது. மாருக்கு அடி மடிப்புல தோலும் தோலும் உரசி, வேர்வை நின்னு, செவந்து எரியும், அதுமேல பூஞ்சை ஏறிக்கும், ஓரத்துல குட்டி குட்டி சிவப்புப் புள்ளி வந்தா கேண்டிடாங்கற பூஞ்சைன்னு பாத்ததுமே தெரிஞ்சிடும். இதுக்கு முதல் மருந்து ஈரம் இல்லாம வச்சுக்கறதுதான். குளிச்சதும் மாரைத் தூக்கி மடிப்பை ஒத்தி ஒத்தி தொடைங்க, தேய்க்க வேண்டாம், ஃபேன் காத்துல ரெண்டு நிமிஷம் நின்னுட்டு அப்புறம் ப்ரா போடுங்க. ஆபீஸ் போனதும் நனைஞ்ச ப்ராவை மாத்திக்க ஒண்ணு எக்ஸ்ட்ரா பையில வச்சுக்கங்க. வீட்ல இருக்கும்போது பழைய பருத்தி வேட்டித்துணியை பட்டையா கிழிச்சு மடிப்புல வச்சுக்கிட்டா வேர்வையை இழுத்துக்கும், எங்க பாட்டி காலத்து வழி, இன்னிக்கும் இதைவிட நல்லது கிடையாது. மழைக்காலத்துல பேடட் ப்ரா பால்கனிக் கொடியில ரெண்டு நாள் ஆனாலும் உள்ள ஈரமாவே இருக்கும், அதை அப்படியே போட்டா அரிப்பு நிச்சயம், அதனால அந்த நாலு மாசமும் மெல்லிய காட்டன்தான் சரி. வாசனை பவுடர் கொட்டாதீங்க, வேர்வைல கட்டி கட்டியா ஆகி இன்னும் உரசும்.

பூஞ்சைக்கு கிளோட்ரிமசோல் மட்டும் இருக்கற க்ரீம் போதும், அரிப்பு நின்ன பிறகும் ஒரு வாரம் தொடரணும். ஆனா மெடிக்கல் ஷாப்ல "அரிக்குது"ன்னு கேட்டா எடுத்துக் குடுக்கறாங்க பாருங்க ஒரு ட்யூப், ஸ்டீராய்டு, ஆன்ட்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூணும் கலந்தது, அதை தயவுசெஞ்சு தொடாதீங்க. ரெண்டு நாள்ல அரிப்பு நிக்கும், நிறுத்தினதும் முன்னைவிட பெரிய வட்டமா படை திரும்ப வரும், தோல் மெலிஞ்சு கோடு கோடா விழுந்தா அது போகவே போகாது. நம்ம நாட்டுல இப்ப லேசுல அடங்காத படை இவ்வளவு பரவினதுக்கு இந்த ட்யூப்கள் ஒரு பெரிய காரணம்னு தோல் டாக்டர்கள் தலைதலையா அடிச்சுக்கறாங்க. மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தா சுகர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க.

பால் குடுக்கற தங்கச்சி யாராவது வீட்ல இருந்தா இதையும் சொல்லிடுங்க. பால் கட்டிக்கிட்டா முன்னாடி சுடுதண்ணி ஒத்தடம், அழுத்தி நீவி விடுன்னு சொல்வோம், 2022ல தாய்ப்பால் டாக்டர்கள் வழிமுறையையே மாத்திட்டாங்க. அழுத்தி நீவினா வீக்கம்தான் கூடும். குளிர்ந்த ஒத்தடம், வலிக்கு ஐபுப்ரோஃபென், குழந்தை கேக்கற அளவுக்கு பால், பம்ப் வச்சு காலி பண்ணியே தீரணும்னு நிக்க வேண்டாம். காய்ச்சல் வந்து ஒரு நாள்ல இறங்கலன்னா டாக்டர். பாலை நிறுத்தறதுக்கு மல்லிகைப்பூ வச்சுக் கட்டறது நம்ம பக்கம் இருக்கறதுதானே, அது வெறும் நம்பிக்கை இல்ல, 1988ல அதை பாலை நிறுத்தற புரோமோகிரிப்டின் மாத்திரையோட ஒப்பிட்டு ஒரு ஆய்வே வந்திருக்கு, பூவும் பாலைக் குறைச்சது. அதனால பால் குடுத்துட்டு இருக்கறவங்க மாரோட ஒட்டி மல்லிகை வச்சுக் கட்டாம இருக்கறது நல்லது.

சரி, எதுக்கு தள்ளிப்போடக்கூடாதுன்னு சொன்னேனே, அதுக்கு வரேன். புதுசா ஒரு கட்டி, குறிப்பா கெட்டியா நகராம இருக்கறது. மார்புத் தோல் ஒரு இடத்துல குழி விழறது, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா தடிக்கறது. இதுவரைக்கும் வெளிய இருந்த காம்பு திடீர்னு உள்ள இழுத்துக்கறது, சின்ன வயசுல இருந்தே உள்வாங்கியே இருந்தா அது உங்க அமைப்பு, பயம் வேண்டாம். அழுத்தாமலே காம்புல இருந்து ரத்தமோ தண்ணி மாதிரியோ கசியறது. காம்புல சொறி மாதிரி வந்து க்ரீம் போட்டும் ரெண்டு மூணு வாரத்துல ஆறாதது. பால் குடுக்காதப்போ மார்பு செவந்து வீங்கி, ஆன்ட்டிபயாட்டிக்ல இறங்காதது. அக்குள்ல கட்டி. இதுல ஒண்ணு இருந்தாலும் வலி இருக்கோ இல்லயோ அந்த வாரமே போங்க. கூட்டத்துல யாரோட முழங்கையோ இடிச்சு கட்டி வந்த மாதிரி இருக்குன்னு வருவாங்க, அடிபட்டு கொழுப்பு இறுகியும் கட்டி வரும்தான், ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர், நாம இல்ல.

நம்ம ஊர்ப் பொண்ணுங்ககிட்ட நான் பாத்த பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. இங்க பாக்க வேண்டாம், மே லீவுல திருநெல்வேலி போகும்போது நம்ம டாக்டரம்மாகிட்ட காட்டிக்கலாம்னு நவம்பர்ல தட்டுப்பட்ட கட்டியை தள்ளி வைக்கறது. பாஷை, கூச்சம், ஆம்பள டாக்டரா இருந்துடுமோங்கற தயக்கம், எல்லாம் புரியுது. ஆனா இந்தியால பெண்களுக்கு வர்ற கேன்சர்ல முதல் இடம் மார்பகத்துக்குத்தான், வெளிநாட்டை விட சுமார் பத்து வருஷம் முன்னாடியே, நாப்பதுகள்லயே நிறைய பேருக்கு வருது. அந்த ஆறு மாசம் சும்மா போற ஆறு மாசம் இல்லம்மா.

மாசாமாசம் சொல்லிக் குடுத்த முறைப்படி வட்டம் போட்டுத் தடவிப் பாக்கணுமான்னு கேப்பாங்க. சீனால ஷாங்காய்ல ரெண்டரை லட்சத்துக்கும் மேல துணிமில் பெண்களை வச்சு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2002ல முடிவு வந்தது, அப்படி முறையா சொல்லிக் குடுத்ததால சாவு குறையல, தேவையில்லாத பயாப்ஸி, அதாவது சதை எடுத்துப் பாக்கற டெஸ்ட்தான் கூடுச்சு. அதனால சடங்கு மாதிரி பண்ண வேண்டாம், ஆனா உங்க மார்பு சாதாரணமா எப்படி இருக்கும்னு உங்க கைக்குத் தெரியணும். பீரியட்ஸ் முடிஞ்ச சில நாள்ல, குளிக்கும்போது சோப்புக் கையால விரல் நுனி இல்லாம விரல்தட்டையால அக்குள் வரைக்கும் ஒரு தடவை, கண்ணாடி முன்னாடி கையைத் தூக்கி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அதைவிட பயிற்சி பெற்ற கை தொட்டுப் பாக்கறது மேல். இதுக்கு ஆதாரமே நம்ம மும்பைல இருந்துதான் வந்தது. டாட்டா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரில 1998ல ஆரம்பிச்சு, 35ல இருந்து 64 வயசு வரைக்கும் இருக்கற ஒண்ணரை லட்சம் பெண்கள், அதுல ஒரு பாதிப் பேருக்கு சாதாரண சுகாதாரப் பணிப் பெண்களே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால பரிசோதனை பண்ணாங்க, மம்மோகிராம்ங்கற மார்பக எக்ஸ்ரேயே இல்லாம. 2021ல முடிவு வெளியாச்சு. நோய் முன்கட்டத்துலயே பிடிபட்டது, 50 வயசுக்கு மேல இருந்தவங்கள்ல மார்பகக் கேன்சர் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சது. 50க்கு கீழ அந்த அளவு பலன் தெரியலங்கறதும் உண்மை. அரசாங்கத் திட்டத்துலயே 30 வயசுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கைப்பரிசோதனை இருக்கு, நீங்களும் கேட்டு வாங்கலாம், உங்க மாமியாரையும் கூட்டிட்டுப் போகலாம், சொல்லப்போனா இது உங்களைவிட அவங்களுக்குத்தான் அவசரம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்பா வழி அத்தைக்கோ சின்ன வயசுல மார்பகமோ சினைப்பையோ கேன்சர் வந்திருந்தா டாக்டர்கிட்ட அதை முதல் வரியிலயே சொல்லுங்க, அப்பா பக்கமும் கணக்குல வரும்.

உங்க வயசுல கட்டின்னு ஒண்ணு இருந்தாலும் பெரும்பாலும் விரலுக்கு நழுவி ஓடற ஃபைப்ரோஅடினோமாங்கற கேன்சர் இல்லாத கட்டியோ, நீர்க்கட்டியோதான். 40க்கு கீழ சுரப்பி அடர்த்தியா இருக்கறதால முதல்ல சோனோகிராஃபி, அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் பாப்பாங்க, தேவைப்பட்டாதான் மம்மோ. ஊசி டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னா மறுக்காதீங்க, ஊசி குத்தினா பரவிடும்ங்கறது சுத்தப் பொய், அந்தப் பேச்சை நம்பி வீட்டுக்குத் திரும்பிப் போனவங்களை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியும்.

மும்பைல சயன், கேஇஎம், நாயர்னு மாநகராட்சி ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் சர்ஜரி ஓபிடில கேஸ் பேப்பர், அதாவது ஓபி சீட்டு எடுத்தா பாப்பாங்க, காலைல சீக்கிரமே போயிடணும். ஆம்பள டாக்டரா இருந்தா கூட ஒரு நர்ஸ் நிக்கணும்னு கேக்கறது உங்க உரிமை, தயங்காம கேளுங்க. வலிக்காக மட்டும் போறதுன்னா பீரியட்ஸ் முடிஞ்ச வாரத்துல நாள் பாருங்க, அப்ப மார்பு இளகி இருக்கும், தொட்டுப் பாக்கவும் சோனோகிராஃபி எடுக்கவும் சுலபம். முன்னாடி திறக்கற டாப்ஸோ குர்த்தாவோ போட்டுட்டு, அந்தப் புள்ளி வச்ச காலண்டரையும் பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா அதையும் கையில எடுத்துட்டுப் போங்க.